எந்த வழக்கத்தை மீறணும், எதை விட்டுக்கொடுக்கலாம்

உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன் மா. வயசு 27, சென்னைல நல்ல கம்பெனி வேலை. ஊர்ல பத்தாவதோட நின்னுபோற பொண்ணுங்களுக்கு சாயங்கால வகுப்பும் சின்னதா ஒரு நூலகமும் நடத்தணும்னு ரெண்டு வருஷமா மனசுல ஓடுது, வீட்ல சொன்னதுலேருந்து அப்பா பேசறதில்ல, அம்மா கல்யாணம் தள்ளிப்போகுதேன்னு அழறாங்க, பெரியப்பா "காலனி பிள்ளைங்கள நம்ம திண்ணைல உக்கார வச்சா நாளைக்கு தெருவுல தலை காட்ட முடியாது"ன்னு முடிச்சிட்டாரு. இந்த மாதிரி வேலைல இறங்கினவங்களுக்கெல்லாம் தைரியம் எங்கேருந்து வந்துச்சு, எனக்கு மட்டும் ஏன் வரலன்னு கேட்டிருக்க.

நான் புதுக்கோட்டைக்காரி. 1991ல பெரியவங்களுக்கு எழுத படிக்க சொல்லிக்கொடுக்கற அறிவொளி இயக்கம் வந்தப்ப எனக்கு 19 வயசு, தொண்டரா போனேன், அதுக்கப்புறம் அரசு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை, இன்னமும் அதே வேலைலதான் இருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன், தைரியம் வரட்டும் அப்புறம் ஆரம்பிக்கலாம்னு இருந்தவங்க யாரும் ஆரம்பிச்சு நான் பாக்கல. ஆரம்பிச்சவங்க எல்லாருக்கும் பயம் இருந்துச்சு, பக்கத்துல ஒரே ஒரு ஆளும் இருந்தாங்க. இன்னொன்னு, அவங்க எல்லா வழக்கத்தையும் ஒரே நாள்ல மீறல. எதை மீறணும், எதுல ஊர் போக்குக்கே போயிடலாம்னு ரொம்ப யோசிச்சு பிரிச்சு வச்சிருந்தாங்க. உனக்கு இப்ப வேண்டியது அந்த பிரிப்புதான்னு எனக்கு தோணுது, அதனால சகோதரி சுப்பலட்சுமி கதைய கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுமையா படி.

1886 ஆகஸ்ட்ல மயிலாப்பூர்ல பிறந்தவங்க. அப்பா சுப்பிரமணிய ஐயர், தஞ்சாவூர் ஜில்லாக்காரர். அந்த பொண்ணு ஒம்பது வயசுல நாலாங்கிளாஸ் பரீட்சைல செங்கல்பட்டு வட்டாரத்துக்கே முதலா வந்தது. அப்புறம் அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசுலயே கல்யாணம், கொஞ்ச நாள்லயே அந்தப் பையன் செத்துப்போனான். வாழ்க்கைன்னா என்னன்னே தெரியாத குழந்தை, விதவை. அந்த சமூகத்துல அடுத்து என்ன நடக்கும்னு உனக்கும் தெரியும், தலைய மழிச்சு, நார்மடி கட்டி, அடுப்படி மூலைல ஒரு ஆயுசு. நல்ல காரியத்துக்கு முன்னாடி வரக்கூடாது, காலைல யார் கண்ணுலயும் படக்கூடாது.

அந்த வீட்லயே அதுக்கு ஒரு உதாரணம் இருந்துச்சு, சித்தி வாலாம்பாள், அவங்களும் சின்ன வயசுலயே விதவை ஆனவங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் இந்த பொண்ணுக்கு அது வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. மொட்டை அடிக்கல, மூலைல உக்கார வைக்கல, படிக்க வச்சாங்க. முதல்ல வீட்லயே பாடம், அப்புறம் கான்வென்ட், அப்புறம் மாநிலக் கல்லூரி. 1911ல பி.ஏ. முடிச்சாங்க, சென்னை மாகாணத்துலயே பட்டம் வாங்கின முதல் இந்துப் பெண். அதுவும் ஒரு விதவை. அந்தக் காலத்துல தெருவுல எதிர்ல விதவை வந்தா திரும்பி வீட்டுக்குள்ள போய் தண்ணி குடிச்சிட்டு மறுபடி கிளம்பற ஊர், அந்த ஊர்ல ஒரு விதவை புஸ்தகத்தோட காலேஜுக்கு தினம் போயிட்டு வந்திருக்கான்னா, அந்த ஒவ்வொரு நாள் காலையும் எப்படி இருந்திருக்கும்னு நான் நிறைய தடவ நெனச்சு பாத்திருக்கேன்.

தான் படிச்சாச்சு, வேலைக்கு போகலாம், நிம்மதியா இருக்கலாம். அவங்க அதோட நிக்கல. அப்ப பெண் பள்ளிகளுக்கு இன்ஸ்பெக்ட்ரஸா மிஸ் லிஞ்ச்னு ஒரு ஐரிஷ்காரம்மா இருந்தாங்க. பொம்பள வாத்தியார் இல்லாம பொண்ணுங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க, பொண்ணுங்க படிக்காம பொம்பள வாத்தியார் எங்கேருந்து வருவாங்க? இந்த முடிச்சு அவிழாம கிடந்துச்சு. இன்னொரு பக்கம் வீட்டு மூலைல ஆயிரக்கணக்குல சின்னப் பொண்ணுங்க, கல்யாணம் கிடையாது, குழந்தை கிடையாது, செய்ய ஒரு வேலை கிடையாது. இவங்களையே படிக்க வச்சு டீச்சர் ஆக்கினா ரெண்டு முடிச்சும் சேர்ந்து அவிழும். கேக்கறப்ப எவ்ளோ எளிமையா இருக்கு, ஆனா அப்ப அத யாராவது வீட்டு வாசல்ல போய் சொல்லணுமே.

1912ல சாரதா மகளிர் சங்கம் ஆரம்பிச்சாங்க. எழும்பூர்ல அப்பா வீட்லயே நாலு பொண்ணுங்களோட விடுதி தொடங்குச்சு. நாலே நாலு பேர். கூட ஒத்தாசைக்கு யாருன்னு பாரு, அதே சித்தி வாலாம்பாள். சமையல், பிள்ளைங்கள பாத்துக்கறது, வர்ற பெரியவங்களுக்கு பதில் சொல்றது எல்லாம் அவங்க. ஊரே மதிக்கிற மாதிரி ஆச்சாரமா இருந்த ஒரு விதவை அந்த வீட்ல இருந்ததால தான் மத்த வீட்டுக்காரங்க பொண்ண நம்பி விட்டாங்கன்னு நான் நெனைக்கிறேன். பட்டம் வாங்கினது அக்கா பொண்ணு, ஆனா வாசக்கதவ திறந்தது சித்தி.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். சுப்பலட்சுமி அம்மா அந்த விடுதில மடி ஆச்சாரத்துல கை வைக்கல. தானும் கடைசி வரைக்கும் விதவைக்குரிய எளிமையான புடவைதான். மறுமணத்த முழக்கமா ஆக்கல, அத பேசினா அடுத்த நாளே அப்பனுங்க வந்து பொண்ணுங்கள கூட்டிட்டு போயிடுவாங்கன்னு தெரியும். அவங்க மீறினது ஒரே ஒரு விதி, விதவை படிக்கக்கூடாது வெளிய வேலைக்கு போகக்கூடாதுங்கற விதி. அத மட்டும் நட்ட நடு பகல்ல, எல்லாரும் பாக்க மீறினாங்க.

கூட்டம் கூடிப்போய் 1917ல அந்த விடுதி ஐஸ் ஹவுஸுக்கு வந்துச்சு. மெரினால இப்ப விவேகானந்தர் இல்லம்னு நிக்குதே, அதே கட்டடம். ஒரு காலத்துல அமெரிக்காலேருந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய அடுக்கி வச்ச இடம், 1897ல விவேகானந்தர் வந்து தங்கின இடம். தெருவுக்கு தள்ளி கடல பாத்தாப்ல இருந்ததால சகுனம் பாக்கறவங்க தொல்லையும் கொஞ்சம் கம்மி. அந்த கட்டடத்த கடந்து போறப்பல்லாம் அடுப்படி புகையே பழகின ஒரு பத்து பன்னெண்டு வயசு குழந்தை முதல் தடவ அந்த மாடிலேருந்து கடல பாத்தா எப்படி இருந்திருக்கும்னு தான் எனக்கு தோணும். 1922ல பக்கத்துலயே லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்துச்சு, சுப்பலட்சுமி அம்மாதான் முதல்வர். அங்கேருந்து டீச்சரா போன பொண்ணு மாசா மாசம் வீட்டுக்கு சம்பளம் அனுப்ப ஆரம்பிச்சதும் அதே சொந்தக்காரங்க வாய் தானா மூடிக்கிச்சு. எந்த விவாதத்துல ஜெயிச்சும் அது நடக்கல.

ஆனா இதுல ஒரு குறை இருக்கு, அத மறைச்சு சொன்னா உனக்கு நான் தப்பா வழி காட்டின மாதிரி ஆயிடும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும். மத்த சாதிலயும் படிப்புக்கு ஏங்கின பொண்ணுங்க இருந்தாங்க, அவங்களுக்கு அந்த கதவு திறக்கல. அன்னைக்கு அப்படி வச்சிருக்கலன்னா முதல் நாலு பொண்ணுங்களே வந்திருக்க மாட்டாங்கன்னு சொல்லலாம், அது உண்மையாவும் இருக்கலாம், ஆனாலும் கதவுக்கு வெளிய நின்ன பொண்ணுக்கு அது என்ன ஆறுதல்? சுப்பலட்சுமி அம்மாவும் அந்த இடத்துலயே நின்னுடல, ஐஸ் ஹவுஸ்க்கு பக்கத்துல இருந்த மீனவர் குப்பத்து பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம் நடத்தினாங்க, அப்புறம் சாரதா வித்யாலயா, வயசு வந்த பொம்பளைங்க படிக்க ஒரு பள்ளி, 1956ல மயிலாப்பூர் வித்யா மந்திர்னு போயிட்டே இருந்தாங்க, 1969ல சாகற வரைக்கும் ஓயல. ஆனா ஆரம்பத்துல போட்ட அந்த வேலி வேலிதான்.

இதே வேலைய வேற விதமா செஞ்சவங்க புனேல சாவித்திரிபாய் புலே. 1848ல பிடேவாடால பெண் பள்ளி ஆரம்பிச்சப்ப அவங்களுக்கு 17 வயசு. தெருவுல போறப்ப சாணியும் மண்ணும் வீசுவாங்கன்னு பையில இன்னொரு புடவை எடுத்துட்டு போவாங்க, பள்ளிக்கூடம் போய் மாத்திக்கிட்டு பாடம் எடுப்பாங்க. தாழ்த்தப்பட்ட பிள்ளைங்களுக்கும் பள்ளிக்கூடம் திறந்தாங்க. அடுத்த வருஷமே மாமனார் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் வீட்ட விட்டு வெளிய போகச் சொல்லிட்டாரு. போனாங்க, ஆனா பள்ளிக்கூடம் நிக்கல. 1863ல அவங்க வீட்லயே பிராமண விதவைகள் பயமில்லாம பிரசவம் பாத்துக்க ஒரு இல்லமும் வச்சாங்க, அப்படி வந்த ஒரு பொண்ணோட பிள்ளைய தத்தெடுத்து வளத்தாங்க. சாணி வீசின தெருவுல பிறந்த பொண்ணுங்களுக்கும் அந்த வீட்டு கதவு திறந்துச்சு பாரு. எனக்கு இத சொல்றப்ப இன்னமும் குரல் கம்மும்.

அப்ப ரெண்டு பேர்ல யார் வழின்னு கேப்ப. உடை, பேச்சு, கோயில் குளம், கல்யாண வீட்டுக்கு போய் நிக்கிறது, பெரியவங்கள பாத்தா எந்திரிக்கிறது, இதுல எல்லாம் நீ சுப்பலட்சுமி அம்மா மாதிரி இரு, ஊர் எதிர்பாக்கற மாதிரியே இரு, ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஆனா எந்த பிள்ளை யார் பக்கத்துல உக்காரும்ங்கறதுல சாவித்திரிபாய் மாதிரி இரு. பெரியப்பா நாளைக்கே மனசு மாறி "சரி நம்ம தெரு பிள்ளைங்களுக்கு மட்டும் நடத்து, ரெண்டு வருஷம் கழிச்சு மத்தவங்கள பாக்கலாம்"னு சொல்லுவாரு, நல்ல மனசோடதான் சொல்லுவாரு, ஒத்துக்காத மா. முதல் நாள் பாய் விரிக்கறப்ப எப்படி உக்காந்தாங்களோ அப்படித்தான் பத்து வருஷம் கழிச்சும் உக்காருவாங்க. நான் பாத்திருக்கேன், பின்னாடி சேத்துக்கலாம்னு ஆரம்பிச்ச ரெண்டு மூணு வகுப்பு கடைசி வரைக்கும் சேக்கவே இல்ல.

இப்ப எங்க ஊர் கதை. அறிவொளில சாயங்காலம் ஏழு மணிக்கு மேலதான் மையம் நடக்கும், வயல் வேலை, குவாரி வேலை முடிஞ்சு, சோறாக்கி வச்சிட்டு வருவாங்க. அரிக்கேன் லைட்ட சுத்தி உக்காருவோம். என் மையத்துல ஒரு அக்கா, குவாரில கல்லு உடைக்கிறவங்க, சாக்பீஸ களைக்கொட்டு பிடிக்கிற மாதிரி முழு கையால பிடிப்பாங்க, அழுத்தற அழுத்துல ரெண்டா ஒடிஞ்சிடும். மூணு வாரம் ஆச்சு அவங்க பேரோட முதல் எழுத்து வர. வந்த அன்னைக்கு சிலேட்ட அழிக்க விடல, முந்தானைல மூடி வீட்டுக்கு எடுத்துட்டு போயிட்டாங்க.

அப்புறம்தான் சைக்கிள். அப்ப கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா அறிவொளியோட சேத்து பொம்பளைங்களுக்கு சைக்கிளும் கத்துக்கொடுக்கணும்னு சொன்னாங்க. படிப்பு சொல்லிக்கொடுத்தப்ப வராத எதிர்ப்பு சைக்கிளுக்கு வந்துச்சு, டீக்கடைல வாய்க்கு வந்தபடி பேசுவாங்க, எங்க அப்பாவே "எழுத்து சொல்லிக்கொடுக்கத்தான் போன, இது எதுக்கு"ன்னு கேட்டாரு. நாங்க முதல்ல என்ன பண்ணோம் தெரியுமா, நிலா வெளிச்சத்துல வத்திப்போன கண்மாய்க்குள்ள வாடகை சைக்கிள் ரெண்டு எடுத்துட்டு போய் பழகினோம். யாரும் பாக்கக்கூடாதுன்னு. விழுந்து முட்டி பேந்து, சிரிச்சு, மறுபடி ஏறி. அந்த சிலேட்டு அக்காதான் எல்லாருக்கும் முன்னாடி பாலன்ஸ் பண்ணாங்க. அடுத்த வாரம் விடிகாலைல அவங்க தலைக்குடத்துக்கு பதிலா சைக்கிள் கேரியர்ல குடத்த கட்டி, நேரா டீக்கடை வழியாவே தண்ணிக்கு போனாங்க. பின்னாடி நாங்க அஞ்சு பேர். ஒருத்தி மட்டும் போயிருந்தா கல்லு விழுந்திருக்கும், ஆறு பேரா போனதால யாரும் வாய திறக்கல. அப்புறம் மாவட்டம் பூரா ஆயிரக்கணக்குல பொம்பளைங்க ஓட்ட ஆரம்பிச்சு லேடீஸ் சைக்கிள் கிடைக்காம போச்சு, அதுக்கென்னன்னு ஜென்ட்ஸ் சைக்கிளே எடுத்தாங்க, முன்னாடி பார்ல குழந்தைய உக்கார வைக்கலாம்ல, அதுவே வசதின்னு சொன்னவங்க நிறைய.

இதெல்லாம் உனக்கு எதுக்கு சொல்றேன்னா, கண்மாய்க்குள்ள இருட்டுல பழகறதுக்கும் இடம் இருக்கு, வெளிச்சத்துல டீக்கடை வழியா போறதுக்கும் நேரம் இருக்கு. நீ நேரா ரெண்டாவதுக்கு போக பாக்கற, அதான் கை நடுங்குது. வேலைய இப்பவே விடாத. ஆறு மாசம் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வா, சனி ஞாயிறு மட்டும் நடத்து. அந்த நேரத்துல பிள்ளைங்க வருதா, உனக்கு சொல்லிக்கொடுக்க வருதா, எது பிடிபடல எல்லாம் தெரிஞ்சிடும், சம்பளமும் சேரும். ஒரு வருஷ செலவு கைல இல்லாம வேலைய விட்டவங்க நாலாவது மாசமே காசு கேட்டு ஆள் ஆளா நிக்க வேண்டி வந்து மனசு உடைஞ்சு போறத பாத்திருக்கேன்.

இடம் விஷயத்துல உங்க திண்ணைய மறந்துடு. திண்ணைல நடத்தினா அது உங்க வீட்டு தயவு, பெரியப்பா எந்நேரமும் எழுப்பி விடலாம். கோயில் மண்டபமும் வேண்டாம், காலனி பிள்ளைங்க அங்க வந்து நிம்மதியா உக்கார முடியாது. காலனிக்குள்ள இருக்கற கட்டடத்துல வச்சா ஊர் தெரு பிள்ளைங்க வராது. ஊர்ல எல்லாருக்கும் பொதுன்னு ஒரு இடம் இருக்கும்னா அது அரசு பள்ளிக்கூடம் தான். தலைமையாசிரியர போய் பாரு, பள்ளி மேலாண்மைக் குழுல பெத்தவங்க தான் அதிகம் இருப்பாங்க, அவங்க கூட்டத்துல ஒரு தீர்மானம் போட்டு சனி ஞாயிறு ஒரு அறைய கேட்டு வாங்கு. அதுல ஒரு அம்மா உன் பக்கம் நின்னா போதும். உனக்கு ஒரு வாலாம்பாள் சித்தி வேணும் மா, ஊருக்குள்ள மதிப்பா இருக்கற, வயசான, யாரும் வாய் போட முடியாத ஒரு ஆள். ஆயாவா, சத்துணவு அமைப்பாளரா, உங்க அத்தையா, யார்னு நீதான் கண்டுபிடிக்கணும். அந்த ஆள் கிடைக்கற வரைக்கும் மத்ததெல்லாம் தள்ளி போட்டாலும் பரவால்ல.

அப்பாகிட்ட வாதாடாத. அவருக்கு ஒரு சின்ன வேலை கொடு, அலமாரி செய்ய தச்சர பேசி விடறது, சாவி வச்சுக்கறது, இப்படி ஏதாவது. எங்க அப்பா என்கிட்ட நாலு மாசம் பேசாம இருந்தவரு, ஒரு நாள் அரிக்கேன் லைட்டுக்கு திரி தீந்து போச்சுன்னு சொன்னதும் எதுவும் பேசாம போய் வாங்கிட்டு வந்து திண்ணைல வச்சிட்டு போனாரு. அதுக்கப்புறம் மண்ணெண்ணெய் அவர் பொறுப்புன்னே ஆயிடுச்சு.

பிள்ளைங்க வீட்டுக்கு போறப்ப வெறுமனே படிப்பு நல்லதுன்னு சொல்லாத, அது அவங்களுக்கும் தெரியும், வழி தெரியாமதான் நிறுத்தறாங்க. எட்டாவது படிக்கறப்பவே தேசிய வருவாய் வழி திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு (NMMS) இருக்கு, அரசு பள்ளி பிள்ளை அதுல உதவித்தொகைக்கு தேர்வானா ஒம்பதாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா வரும். 6லேருந்து 12 வரைக்கும் அரசு பள்ளில படிச்சு காலேஜ் போற பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா. பாஸ்புக்குல வர்ற காசு அது, அப்பாவுக்கு உடனே புரியும். அந்த தேர்வுக்கு சொல்லிக்கொடுக்கறதயே உன் முதல் வகுப்பா வச்சுக்கோ, ஒரு பிள்ளை பாஸ் பண்ணா அடுத்த வருஷம் உங்க தெருவே பெயர் கொடுக்கும், பெரியப்பா பேத்தி உட்பட.

பத்தாவதோட நிக்கறது எப்ப முடிவாகுதுன்னு நீ கவனிச்சிருக்கியா? ரிசல்ட் வர்ற நாளுக்கும் பதினொண்ணாவது அட்மிஷன் முடியற நாளுக்கும் நடுவுல. மேல்நிலைப்பள்ளி ஆறு ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும், சாயங்கால பஸ் சரியா இருக்காது, ஃபெயிலான பொண்ணு துணைத்தேர்வுக்கு பணம் கட்ட கடைசி தேதி தெரியாம விட்டுடும், மில்லுக்கு ஆள் எடுக்க வர்ற புரோக்கர் சரியா அந்த வாரம்தான் வருவான், மாமா வீட்லேருந்து பொண்ணு கேட்டும் அந்த வாரம்தான் வருவாங்க. 18 வயசு ஆகாத பொண்ணுக்கு கல்யாணம் பேசறாங்கன்னு தெரிஞ்சா 1098க்கு போன் பண்ணு, ஆனா அதுக்கு முன்னாடி அந்த வீட்டு ஆத்தாகிட்ட போய் உக்காந்து பேசு, பல சமயம் அவங்களும் யாராவது வந்து வேண்டாம்னு சொல்லமாட்டாங்களான்னு தான் காத்துக்கிட்டு இருப்பாங்க.

அதனால நீ லீவு போடறதா இருந்தா அந்த ரெண்டு வாரம் போடு. ஊர்ல இந்த வருஷம் பத்தாவது எழுதற பொண்ணுங்க எத்தன பேர், ஊர் தெரு, காலனி ரெண்டும் சேத்து ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோ, இருபது பேருக்கு மேல இருக்காது. யாருக்கு பஸ் பாஸ் வேணும், யாருக்கு சாதிச் சான்றிதழ் வாங்கணும், யாருக்கு துணைத்தேர்வு, எல்லாம் அதுல குறி. ரிசல்ட் அன்னைக்கு காலைல அந்த நோட்டோட ஊர்ல இரு, தனியா போகாத, வாலாம்பாள் சித்தி மாதிரி நீ கண்டுபிடிச்ச அந்த பெரியவங்கள கூட கூட்டிட்டு போ, முதல்ல காலனி கடைசி வீட்லேருந்து ஆரம்பி.